காலி சிலிண்டர்னு ஒண்ணு கிடையாது

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதைவிட வீட்டு கராஜ்ல ஆணி அதிகம் (இது நிஜ ஆணி :-)). டெட்ராய்ட் பக்கம் வீடு வாடகைக்கு எடுத்ததிலிருந்து எனக்கு ஒரு வியாதி. சனிக்கிழமை காலையில எந்தப் பழைய சாமானைப் பார்த்தாலும் 'இதை வச்சு என்ன பண்ணலாம்'னு தோணும். அந்த வியாதி போன மாசம் கிட்டத்தட்ட என் கையை, ஏன், மூஞ்சியையே வாங்கியிருக்கும். அதைப் பத்தி ஒரு பதிவு போட்டே ஆகணும்னு உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

விஷயம் புரொபேன் டேங்க். அமெரிக்காவுல இல்லாதவங்களுக்கு ஒரு வரி விளக்கம்: இங்கே கொல்லைப்புறத்துல கோழி சுடறதுக்கு ஒரு கிரில் வச்சிருப்பாங்க, அதுக்குக் கீழே ஒரு குட்டி சிலிண்டர் இருக்கும். 20 பவுண்டு காஸ் பிடிக்கும், அதாவது 9 கிலோ. நம்ம ஊர் 14.2 கிலோ சிலிண்டரோட தம்பி மாதிரி. ஒரு பெரிய வித்தியாசம், இங்கே அது உங்க சொந்த சொத்து. கடையில வாங்கலாம், பழசானா கராஜ் சேல்ல விக்கலாம். அதனாலதான் அதை வெட்டி அடுப்பு, குளிர்காயற தொட்டி, கொல்லன் உலை, மணி, மேளம்னு ஏதாவது செய்யற கூட்டம் இங்கே பெரிசு.

என்னை இழுத்தது மேளம். இதுல நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. ஸ்விட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல ஃபெலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர்னு ரெண்டு பேர், எஃகு டிரம் செய்யறவங்க. ரெட்டோ வெபர்னு ஒரு தாள வாத்தியக்காரர் அவங்ககிட்ட போய், நம்ம கடம் மாதிரி கையால வாசிக்கணும், ஆனா அதுல சில ஸ்வரங்களும் வரணும்னு கேட்டாராம். அதுலேருந்து 2000-வாக்குல பிறந்ததுதான் 'ஹாங்'ங்கற பறக்கும் தட்டு மாதிரியான வாத்தியம். விலை யானை விலை. 2007-ல இதே மிச்சிகனோட வடக்குல இருந்த டென்னிஸ் ஹாவ்லெனாங்கறவர், புரொபேன் டேங்க்கைத் தலைகீழாக் கவுத்து, அடிப்பக்கத்துல நாக்கு நாக்கா வெட்டி, கிட்டத்தட்ட அதே மாதிரி சத்தம் வர்ற ஒண்ணைச் செஞ்சு 'ஹாங்க் டிரம்'னு பேர் வச்சார். நாக்கு நீளமா இருந்தா சுதி இறங்கும், குட்டையா இருந்தா ஏறும். அவ்வளவுதான் சூத்திரம். மானாமதுரை மண் கடத்துலேருந்து மிச்சிகன் கிரில் சிலிண்டர் வரைக்கும் ஒரு கோடு போட்டுப் பார்த்தப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

உடனே ஒரு கராஜ் சேல்ல 5 டாலருக்குத் துருப்பிடிச்ச டேங்க் ஒண்ணு வாங்கினேன். வித்த பெரியவர் "காலிதான்"னார். வீட்டுக்கு வந்து டிரைவ்வேல வச்சு வால்வைத் திறந்தேன். உஸ்ஸுன்னு ஒரு சத்தம் இல்லை. வாசனையும் இல்லை. ராத்திரி முழுக்கத் திறந்தே வச்சேன். காலையிலும் ஒண்ணுமில்லை. சரி, காலி. கிரைண்டரை (மாவரைக்கற கிரைண்டர் இல்லை, இரும்பு அறுக்கற ஆங்கிள் கிரைண்டர்) எடுத்து பிளக் சொருகி, கண்ணாடியும் மாட்டிட்டேன்.

அப்போ காப்பியோட வந்தாங்க தங்கமணி. அவங்க வேலை பார்க்கறது டெஸ்டிங்ல. வாழ்க்கையில எதையும் நம்பாத ஜாதி.

"காலின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வால்வைத் திறந்தேன், ஒண்ணும் வரலை."

"வால்வு வேலை செய்யுதான்னு பார்த்தியா?"

பதில் இல்லை. கோவம் வேற வந்துது. 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு சொல்ற டெவலப்பரோட கோவம். அவங்களை வாயடைக்கறதுக்காகவே எடை பார்க்கிற மெஷினை எடுத்துட்டு வந்தேன். இந்த டேங்க்கோட கழுத்து வளையத்துல எழுத்து குத்தியிருக்கும். டி.டபிள்யூ-ன்னு போட்டு ஒரு நம்பர் இருந்தா அது வெறும் டேங்க்கோட எடை. என்னோடதுல 17 பவுண்டு. மெஷின்ல ஏத்தினா 21 காட்டுது. மூணு தடவை ஏத்தி இறக்கினேன். 21 தான்.

4 பவுண்டு. கிட்டத்தட்ட 1.8 கிலோ திரவ புரொபேன் உள்ளே உட்கார்ந்திருக்கு. நான் அதுமேல தீப்பொறி பறக்க பிளேடு வைக்கப் போயிருந்தேன். காப்பி ஆறிப்போச்சு.

ஏன் சத்தம் வரலைன்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 1990கள்லேருந்து வர்ற கிரில் டேங்க்குகள்ல க்யூசிசி-1ன்னு ஒரு வகை இணைப்பு இருக்கு. வெளியில குழாய் ஒழுங்கா இறுக்கி மாட்டினாத்தான் உள்ளே இருக்கற ஸ்பிரிங் அடைப்பு விலகும். வெறும் கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் காஸ் வராது. குழந்தைகள் திருகி விளையாடினாக்கூட ஆபத்து வரக்கூடாதுங்கறதுக்காகச் செஞ்ச நல்ல ஏற்பாடு. அந்தப் பாதுகாப்பு ஏற்பாடேதான் என்னை 'காலி'ன்னு நம்ப வச்சுது. முக்கோணக் கைப்பிடி இருந்தா அது அளவுக்கு மேல நிரப்பவிடாத ஓபிடி வால்வு. 2002 ஏப்ரல்லேருந்து அது இல்லாத சின்ன டேங்க்குகளை நிரப்பக்கூடாதுன்னு ஆயிடுச்சு. அதனால இன்னிக்கு உங்க கையில கிடைக்கிற பழைய டேங்க் பெரும்பாலும் இந்த ஊமை வால்வு உள்ளதாத்தான் இருக்கும். சத்தம் வரலைங்கறது எதையும் நிரூபிக்காது.

சரி, உண்மையிலேயே தீர்ந்து போன டேங்க்னு வச்சுக்குவோம். கிரில்ல மாட்டி, தீ அணையற வரைக்கும் எரிச்சாச்சு. இப்போ காலியா? இங்கேதான் என்னோட முக்கியமான வாதம். காலின்னு ஒண்ணு கிடையாது. தீ அணையுதுன்னா உள்ளே இருக்கற அழுத்தமும் வெளிக்காத்து அழுத்தமும் சமமாயிடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். அந்த டேங்க்கோட கொள்ளளவு சுமார் 21.6 லிட்டர். அது நிறைய இன்னும் புரொபேன் ஆவி இருக்கு, ஏறக்குறைய 40 கிராம்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டும். காத்துல 2.1 சதவீதம் புரொபேன் கலந்தாலே தீப்பிடிக்கும். 21.6 லிட்டர்ல 2.1 சதவீதம்னா சுமார் 0.45 லிட்டர் ஆவி. எடையில ஒரு கிராமுக்கும் குறைவு. திரவமா பார்த்தா 2 மில்லி கூட இல்லை, ஒரு ஸ்பூன்ல பாதி நிறையாது. மொத்த டேங்க்கையும் வெடிக்கிற கலவையாக்க அது போதும். நம்ம 'காலி' டேங்க்ல இருக்கறது 40 கிராம்.

இன்னொண்ணும் கவனிங்க. கலவையில 10 சதவீதத்துக்கு மேல புரொபேன் போனா அது எரியாது, ஆக்ஸிஜன் பத்தாது. அதனால முழுக்க ஆவி நிறைஞ்ச டேங்க்கைவிட, வால்வைக் கழட்டி 'கொஞ்சம் காத்தாட' வச்ச டேங்க் அதிக ஆபத்தா இருக்கலாம். பாதி வெளியே போய், பாதிக் காத்து உள்ளே வந்து, சரியான விகிதத்துல கலந்து காத்திருக்கும். புரொபேன் காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். நிமிர்த்தி வச்சா பாத்திரத்துல தண்ணி மாதிரி அடியில தங்கும். ஒரு நாள் திறந்து வச்சேன், போயிருக்கும்கறது வேண்டுதல், பரிசோதனை இல்லை.

இப்போ எனக்கு இருக்கற கோவத்துக்கு வர்றேன். இந்த டேங்க் வெட்டற வீடியோக்கள்ல நான் ஒரு இருபது பார்த்திருப்பேன். இருபது நிமிஷ வீடியோன்னா பத்தொன்பது நிமிஷம் வெட்டறது, தேய்க்கறது, பெயிண்ட் அடிக்கறது. ஆரம்பத்துல ஒரே ஒரு வரி, 'முதல்ல டேங்க் காலியா இருக்கான்னு உறுதி பண்ணிக்கோங்க'. எப்படி உறுதி பண்ணணும்? சொல்ல மாட்டாங்க. இது 'புரொடக்ஷன்ல போடறதுக்கு முன்னாடி பக் எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க'ன்னு சொல்ற மாதிரி. மொத்த வேலையே அதுதானே சாமி! வெட்டறது எந்த மாங்காவும் பண்ணலாம். வெட்டறதுக்கு முன்னாடி செய்யற ரெண்டு நாள் வேலைதான் திறமை. அது வீடியோவுல போரடிக்கும், அதனால வராது.

'நான் பத்து டேங்க் வெட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகலை'ன்னு ஒரு வகை ஆளு உண்டு. ஆனவங்க வீடியோ போடறதில்லை, அதையும் கணக்குல சேர்க்கணும் இல்லையா?

'தண்ணி ஊத்தி அலசிட்டா போதும்'னு இன்னொரு கட்சி. பாதி சரி. தண்ணி நல்ல நண்பன்தான், அது இருக்கற இடத்துல காஸ் இருக்க முடியாது. ஆனா பழைய டேங்க்ல காஸ் மட்டும் இல்லை. வருஷக்கணக்கா நிரப்பி நிரப்பி, உள்சுவர்ல எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு படிஞ்சிருக்கும், துருவுக்குள்ள ஊறியிருக்கும். வெறும் தண்ணியில போகாது. கழுவினப்புறம் காஸ் வெல்டிங்கோ டார்ச்சோ வச்சுச் சூடாக்கினா அது திரும்ப ஆவியாகும். வாசனை வரலையேன்னும் நம்பாதீங்க. புரொபேனுக்குச் சொந்த வாசனை கிடையாது, நாம மோப்பம் பிடிக்கணும்னுதான் மெர்காப்டன்ங்கற நாத்த மருந்தைக் கலக்கறாங்க. துரு அந்த மருந்தைத் தின்னுடும். பழைய, துருப்பிடிச்ச டேங்க்லதான் மூக்கு ஏமாறும்.

நான் ஓவரா பயமுறுத்தறேன்னு நினைச்சா, இதைத் தொழிலாச் செய்யறவங்க கதையைப் பாருங்க. 2010 நவம்பர்ல நியூயார்க் மாநிலம் பஃபலோவுல ஒரு ரசாயன ஆலை. ஒரு தொட்டி மேல வெல்டிங் வேலை. அனுமதிச் சீட்டு உண்டு, காஸ் இருக்கான்னு பரிசோதனையும் உண்டு. ஆனா தொட்டிக்கு வெளியே பார்த்தாங்க, உள்ளே பார்க்கலை. வெல்டர் செத்துப் போனார், கூட இருந்த ஃபோர்மேனுக்குக் காயம். அமெரிக்க ரசாயன பாதுகாப்பு வாரியம் விசாரிச்சு அறிக்கை போட்டிருக்கு. அந்த ஆலையில இருந்த ஏற்பாடுகள்ல பத்துல ஒரு பங்கு என் கராஜ்ல இல்லை. இங்கே தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்துலயே, பயன்படுத்தின பீப்பாய், தொட்டி எதையும் எரியற பொருள் துளியும் இல்லைன்னு நிச்சயமாகற அளவுக்குச் சுத்தம் பண்ணாம வெட்டவோ வெல்டு பண்ணவோ கூடாதுன்னு எழுதியிருக்கு.

நம்ம ஊர் மக்கள் 'இது அமெரிக்கக் கதை'ன்னு ஒதுங்க வேண்டாம். பைக் பெட்ரோல் டேங்க் ஒழுகினா தெருமுனை பட்டறையில கொடுத்துப் பத்த வைக்கறோமே, அதே பௌதிகம்தான். ரெண்டு தடவை தண்ணி விட்டுக் குலுக்கிட்டு டார்ச்சைக் காட்டற தம்பிக்கு வயசு பதினெட்டு கூட இருக்காது. கிட்ட நின்னு வேடிக்கை பார்த்தவன்தான் நானும். சமையல் சிலிண்டர் விஷயத்துல பேச்சே கிடையாது. நாம கட்டினது டெபாசிட், சிலிண்டர் எண்ணெய் கம்பெனியோட சொத்து. காயலாங்கடையில கிடைச்சாலும் வெட்டற எண்ணமே வேண்டாம், திருப்பிக் கொடுத்துடுங்க.

அப்போ என்னதான்யா சொல்ல வர்றே? வெட்டவே கூடாதா? அப்படிச் சொல்லலை. நானே மேளம் செஞ்சு முடிச்சுட்டேன். ஆனா புது டேங்க்ல. ஒருமுறைகூட காஸ் நிரப்பாத புது டேங்க் கடையில 40 டாலர் பக்கம் கிடைக்குது. பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் 35 டாலர். ரெண்டு பேர் வெளியில சாப்பிட்டா ஆகற காசு. 'பழசை மறுபடி பயன்படுத்தறது நல்லதுதானே, புதுசை வாங்கி வெட்டறது வீண் இல்லையா'ன்னு கேட்பீங்க. எனக்கும் அந்த உறுத்தல் இருந்துச்சு. ஆனா பழைய டேங்க்குக்கு மறுபிறவி கொடுக்க வேற வழி இருக்கு. மாத்திக் கொடுக்கற கடையில கொடுத்தா, நல்லதா இருந்தா பரிசோதிச்சு மறுபடி நிரப்புவாங்க, இல்லேன்னா முறையா இரும்பாக்கிடுவாங்க. அது டேங்க்காவே இன்னும் பல வருஷம் உழைக்கிறதுதான் உண்மையான மறுபயன்பாடு. என் பொழுதுபோக்குக்கு நான் 'சுற்றுச்சூழல்'னு சட்டை மாட்ட வேண்டியதில்லை.

இல்லை, பழசைத்தான் வெட்டுவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறவங்களுக்கு, நான் படிச்சும் செஞ்சும் தெரிஞ்சுக்கிட்டது:

1. முதல்ல எடை. டி.டபிள்யூ நம்பரோட ஒப்பிடுங்க. இருக்கற காஸை கிரில்ல எரிச்சுத் தீர்த்துடுங்க. டேங்க்கை எப்பவும் வெளியிலதான் வைக்கணும் (நான் கராஜுக்குள்ள வச்சிருந்தேன், அது தனித் தப்பு).

2. வால்வு பக்கத்துல ஒரு குட்டித் திருகாணி இருக்கும். திறந்தவெளியில, வீடு, அடுப்பு, கார், சிகரெட் எல்லாத்துக்கும் ரொம்ப தூரத்துல வச்சு, அதைத் திறந்து மிச்ச அழுத்தத்தை வெளியேத்துங்க. ஊமை வால்வு பேசாட்டியும் இந்தத் திருகாணி பேசும்.

3. சத்தம் முழுசா நின்னப்புறம் வால்வையே கழட்டணும். டேங்க்கை மரத்தோட பட்டை போட்டுக் கட்டி, பெரிய ஸ்பேனர்ல நாலடி இரும்புக் குழாயைச் சொருகித் தொங்கணும். புது டேங்க்லயே எனக்கு முதுகு பிடிச்சுது. கழட்ட முடியலையா? அங்கேயே நிறுத்துங்க. வால்வு கழலாத டேங்க்கை வெட்டற யோக்கியதை நம்ம யாருக்கும் கிடையாது.

4. வழிய வழியத் தண்ணி, கூடவே பாத்திரம் கழுவற சோப். ஊற வச்சு, கவுத்து, மறுபடி. குறைஞ்சது மூணு தடவை.

5. வெட்டும்போதும் தண்ணி நிறைஞ்சே இருக்கணும். பேட்டரியில ஓடற ஜிக்சா, இல்லேன்னா கையால ஹாக்ஸா. தண்ணி பக்கத்துல கரண்ட் ஒயர் வேண்டாம். டார்ச், வெல்டிங் ரெண்டும் பழைய டேங்க் பக்கமே வரக்கூடாது.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. பித்தளை வால்வு நீலப் பச்சையா மாறியிருந்தா அந்த டேங்க்கைத் தொடாதீங்க. யாரோ அதுல அம்மோனியா அடைச்சிருக்கலாம் (எதுக்குன்னு கேட்காதீங்க, போதை மருந்து சமைக்கறவங்க பண்ற வேலை). அம்மோனியா பித்தளையை அரிச்சுடும், வால்வு தானாப் பிய்ச்சுக்கிட்டுப் போகலாம். தீயணைப்புத் துறைக்குச் சொல்லிடுங்க. ரெண்டாவது, வெட்டி வெல்டு பண்ணின டேங்க்ல திரும்பக் காத்தோ காஸோ அடைக்கவே கூடாது. அது இனிமே வெறும் இரும்புச் சட்டி, சிலிண்டர் இல்லை.

என் மேளம் எப்படி இருக்குன்னு கேட்கறீங்களா? எட்டு நாக்கு. ரெண்டு நாக்கு சுதி ஏறிப் போய், நுனியில காந்தம் ஒட்டிச் சமாளிச்சிருக்கேன். தங்கமணி அது மோகனம்னு ஒத்துக்க மாட்டேங்கறாங்க. டெஸ்டர் வேற.

அந்த 5 டாலர் டேங்க்? அதோட 4 பவுண்டு காஸ்ல ரெண்டு வாரம் கோழி சுட்டோம். அப்புறம் திருகாணி, வால்வு, தண்ணின்னு எல்லாம் முறையாப் பண்ணினேன். முதல் தண்ணி டீ கலர்ல, எண்ணெய் மிதந்துக்கிட்டு வந்துது. மூணாவது தண்ணி கண்ணுக்குத் தெளிவு. நேத்து சாயங்காலம், வெயில்ல காஞ்சுக்கிட்டிருந்த டேங்க்கோட வாய்க்கிட்ட போய் லேசா மோந்து பார்த்தேன். இன்னும் அந்த அழுகின முட்டைக்கோஸ் நாத்தம் வருது.

அதை நான் வெட்டப் போறதில்லை.

உங்க ஊர்ல பெட்ரோல் டேங்க் பத்த வைக்கறவங்க எப்படிப் பண்றாங்க, இந்தப் பக்கம் யாராவது டேங்க் வெட்டியிருக்கீங்களான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மறதுன்னாலும் ஓக்கே. ஆனா 'ஒண்ணும் ஆகாது பாஸ்'னு மட்டும் சொல்லாதீங்க, அதை நானே ஒரு ராத்திரி முழுக்க எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

டிஸ்கி: நான் சாஃப்ட்வேர் ஆளு, வெல்டர் இல்லை. சந்தேகம் இருந்தா கை வைக்காதீங்க. சந்தேகம் இல்லேன்னா, முதல்ல எடை போட்டுப் பாருங்க :-)